வெறுப்பால் செய்த குற்றத்துக்குக் கூடுதல் தண்டனை வேண்டுமா? நான்கு வழிகள், ஒரு தேர்வு

1994 டிசம்பர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லேண்ட் என்ற ஊர். அதுவரை வெள்ளையர்கள் மட்டுமே குடியிருந்த ஒரு பகுதிக்குக் கறுப்பினக் குடும்பம் ஒன்று குடிவந்திருந்தது. அந்த வீட்டை நோக்கி ஒருவர் பல முறை துப்பாக்கியால் சுட்டார். அதிகாலையில் போலீஸ் விசாரித்தபோது, அவர்களைத் தனக்குத் தெரியாது என்றும், கறுப்பர்கள் என்பதால் அந்தப் பகுதியில் இருக்க வேண்டாம் என்று நினைத்ததாகவும் சொன்னார். அப்புறம் அந்த வாக்குமூலத்தை மறுத்தார், போலீஸ் நெருக்கியதால் சொன்னேன் என்றார். ஒப்புக்கொண்ட துப்பாக்கிக் குற்றத்துக்கு அதிகபட்சம் 10 ஆண்டுதான். ஆனால் இன வெறுப்புதான் நோக்கம் என்று நீதிபதி தாமாகவே முடிவுசெய்து 12 ஆண்டு விதித்தார். கூடுதலாக வந்த அந்த இரண்டு ஆண்டுக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000-ல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது: முந்தைய தண்டனைகள் தவிர, சட்டம் வகுத்த உச்சவரம்பைத் தாண்டித் தண்டனையை உயர்த்தும் எந்த விஷயத்தையும், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர் குழுவான ஜூரி முன்பு ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்.

சுட்டவரின் பெயரால் அப்ரெண்டி வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் எல்லோரும் அறிந்த வழக்கு இது. வெறுப்புக் குற்றங்களைப் பற்றிய விவாதத்தின் முடிச்சுகள் எல்லாம் இதில் இருக்கின்றன. ஒருவர் ஏன் செய்தார் என்பதற்காக அவரைக் கூடுதல் காலம் சிறையில் வைக்கலாமா? வைக்கலாம் என்றால், அந்த 'ஏன்' என்பதை யார், எவ்வளவு ஆதாரத்தோடு தீர்மானிப்பது? சுடப்பட்ட வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டால் என்ன கிடைத்தது?

கூடுதல் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டால், பேச்சு சீக்கிரம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றுவிடும். சட்டம் எழுத உட்காருபவர் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். இருக்கிற சட்டமே போதும் என்று விட்டுவிடுவது முதல் வழி. வெறுப்பு நோக்கத்தோடு செய்த குற்றத்தைத் தனிக் குற்றமாக்கி உச்சவரம்பை உயர்த்துவது இரண்டாவது. காலங்காலமாக ஒடுக்கப்பட்ட ஒரு மக்கள் பிரிவைக் காக்க, அவர்களுக்கு எதிரான குற்றங்களுக்கென்று தனிச் சட்டம் போடுவது மூன்றாவது. குற்றம் பழையதுதான், ஆனால் தண்டனை விதிக்கும்போது நீதிபதி வெறுப்பு நோக்கத்தைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது நான்காவது. ஒவ்வொன்றும் எங்காவது நடைமுறையில் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் பட்ட அனுபவமும் இருக்கிறது.

நோக்கத்தைத் தண்டிப்பது நியாயமா

நான்கையும் எடைபோடுவதற்கு முன்பு அடிப்படையான ஆட்சேபம் ஒன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 'அடித்ததற்குத் தண்டனை கொடுங்கள், சரி. அவன் மனதில் இருந்ததற்கு எப்படித் தண்டனை கொடுப்பீர்கள்? அது எண்ணத்தைத் தண்டிப்பது ஆகாதா?' இதைக் கேட்பவர்கள் எல்லோரும் வெறுப்புக்குத் துணைபோகிறவர்கள் அல்ல. பேச்சுரிமையை உயிராகக் கருதும் பலர் இதை உண்மையான அச்சத்தோடுதான் கேட்கிறார்கள்.

குற்றவியல் சட்டம் ஒருபோதும் செயலை மட்டும் பார்த்ததில்லை. கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஒருவர் இறந்தால் ஒரு தண்டனை, திட்டமிட்டு வண்டியை ஏற்றிக் கொன்றால் வேறு தண்டனை. செய்ய வேண்டும் என்ற எண்ணம் வேறு, ஏன் செய்தார் என்ற காரணம் வேறு, சட்டம் முதலாவதை மட்டுமே பார்க்க வேண்டும் என்று இதற்கு நுட்பமான பதில் ஒன்று வரும். நடைமுறை அப்படி இல்லை. கூலி வாங்கிக்கொண்டு கொன்றவருக்கும், தீரா நோயில் துடித்தவரின் வேதனை பொறுக்காமல் கொன்றவருக்கும் நீதிமன்றங்கள் ஒரே கண்ணால் தண்டனை விதிப்பதில்லை. சாட்சி சொல்லவிடாமல் தடுக்க ஒருவரை அடிப்பது சாதாரண அடிதடியைவிடக் கடுமையாகப் பார்க்கப்படுகிறது. காரணம் எப்போதுமே தராசில் இருந்திருக்கிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று சொன்னது. செயின்ட் பால் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டு வளாகத்துக்குள் இளைஞர்கள் சிலர் சிலுவை ஒன்றை எரித்தார்கள், அமெரிக்காவில் வெள்ளை இனவெறியர்கள் கறுப்பர்களை மிரட்டக் காலங்காலமாகக் கையாண்ட அடையாளம் அது. இன, மத அடிப்படையில் ஆத்திரமூட்டும் சின்னங்களை வைப்பதைத் தடை செய்த நகரச் சட்டத்தின்கீழ் வழக்கு வந்தது. கருத்தைப் பார்த்துத் தடை செய்கிறது என்று சொல்லி 1992-ல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. அத்துமீறி நுழைந்தது, தீ வைத்தது, மிரட்டியது என்று பழைய பிரிவுகளிலேயே வழக்குப் போட்டிருக்கலாமே என்பது அதன் கேள்வி.

அடுத்த ஆண்டு வந்தது மிட்செல் வழக்கு. 1989-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா நகரில், கறுப்பின இளைஞர்கள் சிலர் ஒரு படத்தில் வரும் இனவெறிக் காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாலையின் எதிர்ப்புறம் 14 வயது வெள்ளையினச் சிறுவன் ஒருவன் நடந்து போனான். அவனைக் காட்டி, 'அதோ போகிறான் வெள்ளைப் பையன், பிடியுங்கள்' என்று அவர்களில் மிட்செல் என்பவர் ஏவிவிட்டார். அடி வாங்கிய சிறுவன் நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்தான். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு. இனத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்தார் என்பதால் அது ஏழு ஆண்டாக உயர, நான்கு ஆண்டு விதிக்கப்பட்டது. 1993-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை உறுதி செய்தார்கள். வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்யும் சட்டங்களும் இதே 'ஏன்' என்பதைத்தானே பார்க்கின்றன என்றது தீர்ப்பு.

என்னை இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியதும் அந்த வாதம்தான். ஒரு முதலாளி ஒருவரை வேலையிலிருந்து நீக்கலாம், இனத்துக்காக நீக்கக் கூடாது. இதை யாரும் எண்ணத்தைத் தண்டிப்பது என்று சொல்வதில்லை. மனதில் எதையும் நினைத்துக்கொள்ளலாம், அந்த நினைப்பை வைத்து ஆளைப் பொறுக்கி எடுத்து அடித்தால் பொறுக்கி எடுத்ததும் செயலின் பகுதிதான்.

பாதிப்பும் வேறு. ஒரு மதில் சுவரில் பெயிண்ட் டப்பாவை எடுத்து யாரோ கிறுக்கிவிட்டுப் போகிறார்கள். அதே பெயிண்டில் ஒரு யூத வழிபாட்டிடத்தின் கதவில் நாஜிச் சின்னத்தை வரைகிறார்கள். துடைப்பதற்கு ஆகும் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். முதலாவது அந்தச் சுவருக்குச் சொந்தக்காரரோடு முடிந்துவிடும். இரண்டாவதைப் பார்த்த ஒவ்வொரு குடும்பமும் அன்று இரவு கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கும். அடிபட்டவர் அங்கே இல்லாவிட்டால் அவரைப் போன்ற இன்னொருவர் அடிபட்டிருப்பார் என்பதுதான் இந்தக் குற்றத்தின் இயல்பு. சொந்தப் பகையில் அடிபட்டவர் பகையைத் தீர்த்துக்கொள்ள வழி தேடலாம். பிறப்புக்காகவோ நிறத்துக்காகவோ உடல் குறைபாட்டுக்காகவோ அடிபட்டவர் எதைத் தீர்த்துக்கொள்வார்?

ஆக, கூடுதல் கண்டனத்துக்கு நியாயம் இருக்கிறது. அதை எந்தச் சட்டக் கருவியால் செய்வது என்பதில்தான் எனக்குப் பலரோடு வேறுபாடு.

இருக்கிற சட்டமே போதுமா

முதல் வழியை ஆதரிப்பவர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டுவது ஜேம்ஸ் பேர்ட் வழக்கு. 1998-ல் டெக்சாஸ் மாநிலம் ஜாஸ்பரில் இந்தக் கறுப்பினத்தவரை மூன்று வெள்ளையர்கள் வண்டியில் கட்டி இழுத்துக் கொன்றார்கள். பழைய கொலைச் சட்டத்தின்கீழேயே இருவருக்கு மரண தண்டனை, ஒருவருக்கு ஆயுள் தண்டனை. அதற்கு மேல் எந்தப் புதிய சட்டம் என்ன சேர்த்துவிடும்? பேர்டின் மகன், தன் தந்தையைக் கொன்றவர்களுக்கு மரண தண்டனை வேண்டாம் என்று வெளிப்படையாகப் பேசியவர். தண்டனையின் அளவைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 2009-ல் பேர்டின் பெயரையும், வயோமிங்கில் கொல்லப்பட்ட, தன்பால் ஈர்ப்பாளரான மாணவர் மேத்யூ ஷெப்பர்டின் பெயரையும் சேர்த்து அமெரிக்கா கூட்டாட்சிச் சட்டம் இயற்றியது. மாநிலங்கள் கைவிட்டால் மத்திய அமைப்புகள் விசாரிக்கலாம் என்பதுதான் அதன் பெரிய பயன்.

கொலையைப் பொறுத்தவரை முதல் வழிக்காரர்கள் சொல்வது சரி. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவருக்கு, அந்த நாட்டு வரலாற்றிலேயே முதல் முறையாக, பரோலுக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வெறுப்புக் கொலை என்று தனிப் பிரிவு அங்கே இருக்கவில்லை.

இந்தியாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து இனம், சாதி அல்லது சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணங்களுக்காகக் கொலை செய்தால் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. சாதாரணக் கொலைக்கும், அதாவது 103(1)-க்கும், அதே தண்டனைதான். கும்பல் கொலைக்குச் சட்டத்தில் ஒரு இடம் கிடைத்தது உண்மை, தண்டனையில் ஒரு நாள்கூடக் கூடவில்லை. கூடுவதற்கு மேலே இடமும் இல்லை.

முதல் வழி தடுமாறுவது சிறிய குற்றங்களில். கன்னத்தில் அறைவது, எச்சில் துப்புவது, வீட்டு ஜன்னலை உடைப்பது, மிரட்டிக் கடிதம் போடுவது. தனித்தனியாகப் பார்த்தால் அபராதத்தோடு போகிற விஷயங்கள். ஒரே குடும்பத்துக்கு மாதக்கணக்கில் நடந்தால், அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகும். உச்சவரம்பு குறைவாக இருப்பதால் நீதிபதி நினைத்தாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

தனிக் குற்றமாக்குவது

இந்த ஓட்டையை அடைக்கத்தான் இங்கிலாந்து 1998-ல் சட்டம் கொண்டுவந்தது. சாதாரணத் தாக்குதலுக்கு ஆறு மாதம் என்றிருந்த உச்சவரம்பு, இனப்பகை சேர்ந்தால் இரண்டு ஆண்டு. காயம் ஏற்படுத்தும் தாக்குதலுக்கு ஐந்து, இனப்பகை சேர்ந்தால் ஏழு. 2001-ல் மதத்தையும் சேர்த்தார்கள். கீழே இருக்கும் குற்றத்தில் நான்கு மடங்கு, மேலே போகப் போகக் கூடுதல் குறைகிறது. தேவை எங்கே இருக்கிறதோ அங்கே எடை வைத்த அமைப்பு இது.

இதன் இன்னொரு பலம், தீர்ப்பிலும் குற்றப் பதிவேட்டிலும் 'இனப்பகையோடு தாக்கியவர்' என்று பதிவாவது. அடிபட்டவர் நீதிமன்றத்தில் கேட்க விரும்புவதும் பெரும்பாலும் இதைத்தான்: நடந்தது சும்மா ஒரு தெருச்சண்டை இல்லை என்று யாராவது அதிகாரத்தோடு சொல்ல வேண்டும்.

பலவீனம் என்னவென்றால் ஆதாரம். இங்கிலாந்துச் சட்டம் இரண்டு விதமாக நிரூபிக்க இடம் தருகிறது. பகைதான் தூண்டுதல் என்று காட்டலாம், அல்லது குற்றம் நடந்த நேரத்தில் பகையை வெளிக்காட்டினார் என்று காட்டலாம். இரண்டாவது எளிது, வாயிலிருந்து விழுந்த ஒரு சொல் போதும். 2007-ல், அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ராஜர்ஸ் வழக்கைப் பாருங்கள். மோட்டார் பொருத்திய சக்கர வண்டியில் நடைபாதையில் போன ஒருவர், வழியில் நின்ற மூன்று ஸ்பானியப் பெண்களோடு தகராறு செய்து, அந்நியர்கள் என்று வசைபாடி, உங்கள் நாட்டுக்கே போங்கள் என்று கத்தி, துரத்திக்கொண்டும் போனார். இனப்பகைக் குற்றம்தான் என்று தீர்ப்பு வந்தது. சட்டப்படி சரியான தீர்ப்பு. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஆத்திரத்தில் வாய்விட்டவர் மாட்டிக்கொள்கிறார். ஒரு குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்த வீடுகளை மட்டும் பட்டியல் போட்டு, வாயே திறக்காமல், இரவில் கல்லெறிந்துவிட்டுப் போகிறவர் சாதாரணச் சேதக் குற்றத்தோடு தப்பிவிடுகிறார். இருவரில் யார் ஆபத்தானவர் என்பதில் சந்தேகமே இல்லை.

தனிக் குற்றமாக இருப்பதால் பேரமும் நடக்கும். நோக்கத்தை நிரூபிக்கத் தேவையான உழைப்பைப் பார்த்து, 'அந்தப் பகுதியை விட்டுவிடுகிறோம், அடித்ததை மட்டும் ஒப்புக்கொள்' என்று அரசுத் தரப்பு முடித்துக்கொள்வது எந்த நாட்டிலும் எதிர்பார்க்கக்கூடியதுதான். அப்போது அடிபட்டவருக்கு இரட்டை அவமானம். தனக்கு எதற்காக நடந்தது என்பது வழக்கிலிருந்தே துடைக்கப்பட்டுவிடுகிறது.

ஒரு மக்கள் பிரிவுக்கென்று தனிச் சட்டம்

இந்தியாவின் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை வெறும் வெறுப்புக் குற்றச் சட்டம் என்று வெளிநாட்டு ஒப்பீடுகளில் சேர்த்துவிடுவது அதைச் சரியாகப் புரிந்துகொள்வது ஆகாது. மேலே சொன்ன அமெரிக்க, இங்கிலாந்துச் சட்டங்கள் இரு பக்கமும் பாய்பவை. மிட்செல் வழக்கிலேயே அடிபட்டவர் வெள்ளையர், தண்டனை பெற்றவர் கறுப்பர். வன்கொடுமைச் சட்டம் ஒரு பக்கம் மட்டும் நிற்கிறது: பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது மற்றவர்கள் செய்யும் குற்றங்கள். வரலாற்றில் கொடுமை எந்தத் திசையில் பாய்ந்ததோ அந்தத் திசையில் அணை கட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சட்டம் நோக்கத்தை நிரூபிப்பதில் பட்ட பாடு, மற்ற நாடுகள் எல்லாமே பாடமாகப் படிக்க வேண்டியது. 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தை, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் 'என்ற காரணத்துக்காக' செய்தால் ஆயுள் தண்டனை என்று 3(2)(v) பிரிவு சொன்னது. 2006-ல் மகாராஷ்டிரத்தின் கைர்லாஞ்சியில் ஒரு தலித் குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். 2008-ல் விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனையும் இருவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது, ஆனால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது, இது பழிவாங்கல் என்றது. ஆக உயர்ந்த தண்டனை கிடைத்தும், கொலையில் சாதியே இல்லை என்று தீர்ப்பில் எழுதப்பட்டது. நாடு கொதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். மரண தண்டனைகளை உயர் நீதிமன்றம் 2010-ல் 25 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது.

2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பட்டன் ஜமால் வலி வழக்கு இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டியது. 2011-ல் ஆந்திரத்தில், பார்வையற்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் மீது பாலியல் வன்கொடுமை. பாலியல் குற்றத்துக்கான ஆயுள் தண்டனையை நீதிமன்றம் உறுதி செய்தது, வன்கொடுமைச் சட்டத்தின்கீழான தண்டனையை ரத்து செய்தது. சாதிதான் காரணம் என்பதற்குத் தனியே ஆதாரம் வைக்கப்படவில்லை என்பது காரணம். ஆனால் அதே தீர்ப்பு, பெண் என்பதும் பார்வையற்றவர் என்பதும் சாதியும் ஒரே ஆளிடம் பின்னிக் கிடக்கும்போது, எது காரணம் என்று ஒன்றைத் தனியே உருவி எடுத்துக் காட்டச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதையும் விரிவாகப் பேசியது. குற்றவாளி தன் மனதில் காரணங்களைப் பிரித்து அடுக்கி வைத்துக்கொண்டு வருவதில்லை.

நாடாளுமன்றம் இதற்கு ஏற்கெனவே ஒரு திருத்தம் செய்திருந்தது. 2016 ஜனவரி 26 முதல், பாதிக்கப்பட்டவர் இந்தச் சமூகத்தவர் 'என்று தெரிந்து' செய்தாலே போதும். குற்றம்சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ முன்பே தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். ஆதாரச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது, ஆனால் சட்டத்தின் இயல்பு மாறியது. இனி இது நோக்கத்தைத் தண்டிக்கும் சட்டம் அல்ல, எளிதில் தாக்கப்படக்கூடியவர்களுக்கு அரசு தரும் கூடுதல் காப்பு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நீண்ட காலம் ஒரே திசையில் பாய்ந்த கொடுமைக்கு இந்தப் பதில் பொருந்தும். எல்லா வகை வெறுப்புக்கும் இதையே அச்சாக எடுத்தால் பொருந்தாது. தெரிந்திருந்தாலே ஆயுள் தண்டனை என்ற விதியை மதம், மொழி, நாடு என்று எல்லாவற்றுக்கும் விரித்தால், வெறுப்பே இல்லாத குற்றங்களும் உள்ளே வந்துவிடும்.

இந்தச் சட்டத்தில் மற்றவர்கள் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். சிறப்பு நீதிமன்றம் வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணத் தொகை உண்டு. கடமையை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்கு 4-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. புகாரை வாங்காமல் திருப்பி அனுப்புவதும் குற்றம் என்று எழுதிவைத்த சட்டம். கைது செய்வதற்கு முன்பு ஆரம்பக்கட்ட விசாரணையும் மேலதிகாரி அனுமதியும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சொன்னபோது பெரும் போராட்டம் வெடித்ததும், அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அந்தத் தடையை நீக்கியதும், 2020-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டதும் எதைக் காட்டுகின்றன? அந்த மக்கள் தெருவில் இறங்கியது எத்தனை ஆண்டு தண்டனை என்பதற்காக அல்ல. புகார் பதிவாகுமா, கைது நடக்குமா என்பதற்காக.

தண்டனை விதிக்கும்போது கணக்கில் எடுப்பது

நான்காவது வழியைக் கனடா 1990-களின் நடுவிலிருந்தும், நியூசிலாந்து 2002-ன் தண்டனைச் சட்டத்திலிருந்தும் கடைப்பிடிக்கின்றன. ஜெர்மனி 2015-ல் தன் குற்றவியல் சட்டத்தின் 46-ஆம் பிரிவில் இனவெறி, அந்நியர் வெறுப்பு, மனிதத்தன்மையற்ற நோக்கங்கள் என்று வெளிப்படையாகச் சேர்த்தது. குற்றத்தின் பெயர் மாறாது, உச்சவரம்பும் மாறாது. அந்த வரம்புக்குள் வெறுப்பு எடையைக் கூட்டும். எல்லாக் குற்றங்களுக்கும் பொருந்தும் என்பதால், எந்தெந்தக் குற்றத்துக்கு என்று பட்டியல் போட வேண்டியதில்லை. முதலில் குற்றம் நிரூபணமாகட்டும், அப்புறம் நோக்கத்தைப் பார்க்கலாம் என்பதால், நோக்கம் நிரூபணமாகாவிட்டாலும் வழக்கு கவிழாது.

குறை என்னவென்றால், கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நீதிபதி கணக்கில் எடுத்தாரா இல்லையா, எடுத்தால் எத்தனை மாதம் கூட்டினார் என்று தீர்ப்பில் எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது. இங்கிலாந்து இதையும் ஒரு பக்கம் வைத்திருக்கிறது. அங்கே நீதிபதி வெளிப்படையாக, திறந்த நீதிமன்றத்தில், வெறுப்பு இருந்ததால் குற்றத்தின் கடுமை கூடியது என்று சொல்லியாக வேண்டும். நான்காவது வழியை எடுப்பவர்கள் இந்த நிபந்தனையை விட்டுவிடவே கூடாது.

ஜெர்மனி ஏன் 2015-ல் சட்டத்தைத் திருத்தியது என்ற கதை இந்த முழு விவாதத்தின் நடுப்புள்ளி என்று எனக்குப் படுகிறது. 2000 முதல் 2007 வரை நவநாஜிக் குழு ஒன்று பத்துப் பேரைக் கொன்றது. ஒன்பது பேர் குடியேறிகளின் சமூகத்தவர், பெரும்பாலும் துருக்கி வம்சாவளியினர், ஒருவர் பெண் போலீஸ் அதிகாரி. ஆண்டுக்கணக்கில் போலீஸ் எங்கே தேடியது தெரியுமா? கொல்லப்பட்டவர்களின் வீடுகளில். போதைப்பொருள் தொடர்பா, குடும்பப் பகையா, மாஃபியாவா என்று மனைவியரையும் பிள்ளைகளையும் துருவினார்கள். தொடர்பே இல்லாத இத்தனை பேரை இணைப்பது அவர்களுடைய வம்சாவளிதான் என்ற எளிய சந்தேகம் விசாரணையில் உரிய இடத்தைப் பெறவே இல்லை. 2011 நவம்பரில் ஒரு வங்கிக் கொள்ளைக்குப் பிறகு குழுவில் இருவர் இறந்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. ஜெர்மனியில் கொலைக்கு ஆயுள் தண்டனை எப்போதும் இருந்தது. நோக்கத்தைத் தேடும் கண்தான் இருக்கவில்லை.

இங்கிலாந்திலும் அதே கதை. 1993-ல் லண்டனில் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் வழக்கில் போலீஸ் விசாரணையைச் சிதைத்தது நிறுவனமயமான இனவெறி என்று 1999-ல், அந்த விசாரணையை ஆராய்ந்த மெக்பர்சன் அறிக்கை சொன்னது. இருவர் தண்டிக்கப்பட 2012 ஆனது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005-ல் நச்சோவா வழக்கில் இதையே அரசின் கடமையாக்கியது: பல்கேரியாவில் ஐரோப்பாவில் ஒதுக்கப்பட்ட சிறுபான்மையினமான ரோமா இனத்தைச் சேர்ந்த, ஆயுதம் இல்லாத இளைஞர்கள் இருவரை ராணுவப் போலீஸ் சுட்டுக்கொன்ற அந்த வழக்கில், இனவெறி நோக்கம் இருந்திருக்கலாம் என்று சூழல் காட்டும்போது அதை விசாரிக்காமல் விட்டதே உரிமை மீறல் என்றது.

ஆண்டுகள் யாரைத் தடுக்கின்றன

கூடுதல் ஆண்டுகளுக்காக வாதிடுபவர்கள் சொல்லும் இன்னொரு காரணம், மற்றவர்கள் பயப்படுவார்கள் என்பது. இங்கே நான் அவர்களோடு இல்லை. தண்டனையின் கடுமையைவிட, மாட்டிக்கொள்வது நிச்சயம் என்ற நிலைதான் குற்றத்தைத் தடுக்கிறது என்பது குற்றவியல் ஆய்வில் மீண்டும் மீண்டும் தெரிந்த முடிவு. கும்பலாகச் சேர்ந்து, குடித்துவிட்டு, நொடியில் முடிவெடுத்து அடிப்பவர்கள் ஐந்தா ஏழா என்று சட்டப் புத்தகம் பார்ப்பதில்லை. யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அடிக்கிறார்கள்.

அந்தத் தைரியத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் மக்களிடம் நேரடியாகக் கேட்டு எடுக்கப்படும் அரசுக் கணக்கெடுப்பின்படி, 2005 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ இரண்டரை லட்சம் வெறுப்புக் குற்றப் பாதிப்புகள். போலீஸ் வழியாக எஃப்.பி.ஐ.க்கு வந்து 2019-ல் பதிவானவை 7,314 சம்பவங்கள். இரண்டும் வெவ்வேறு முறையில் எண்ணப்பட்டவை, ஒன்றை இன்னொன்றால் வகுக்க முடியாது. ஆனாலும் இடையில் உள்ள பள்ளம் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. பதிவாகாத குற்றத்துக்கு 10 ஆண்டானால் என்ன, 20 ஆண்டானால் என்ன?

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் என் தேர்வு இது. பெரிய குற்றங்களுக்கு நான்காவது வழி: உச்சவரம்பை மாற்ற வேண்டாம், வெறுப்பு நோக்கத்தை நீதிபதி கட்டாயம் பரிசீலிக்க வேண்டும், ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும். உச்சவரம்பு தாழ்வாக இருக்கும் தாக்குதல், மிரட்டல், சொத்துச் சேதம் போன்றவற்றுக்கு மட்டும் இங்கிலாந்தின் பாணியில் தனிக் குற்றம், அதுவும் தூண்டுதலை நிரூபித்தால்தான். ஒரு வசைச்சொல் சாட்சியமாக வரலாம், அது மட்டுமே போதுமான நிரூபணம் ஆகக் கூடாது. ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம், முன்பு இலக்கானவர்கள், செய்த இடமும் நாளும், முன்னும் பின்னும் அனுப்பிய செய்திகள் ஆகியவற்றைப் போலீஸ் தேடியாக வேண்டும். இரண்டிலும் நோக்கம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாக வேண்டும், அப்ரெண்டி தீர்ப்பின் அந்த அளவுகோலில் சமரசம் வேண்டாம். ஒருவர் படித்த புத்தகங்களையும் பார்த்த படங்களையும் பொத்தாம்பொதுவாகக் கொண்டுவந்து குவிக்க இடம் கொடுக்கக் கூடாது, அந்தக் குற்றத்தோடு தொடர்பு காட்ட முடிந்தால் மட்டும் எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், வன்கொடுமைச் சட்டத்திலிருந்து அந்த 4-ஆம் பிரிவை எடுத்து வைக்க வேண்டும்: நோக்கத்தை விசாரிக்க மறுக்கும் அதிகாரியும் பதில் சொல்ல வேண்டும்.

எந்தெந்த அடையாளங்கள் உள்ளே வரும் என்பது இன்னொரு சண்டை. லூசியானா மாநிலம் 2016-ல் போலீஸ்காரர்களையும் வெறுப்புக் குற்றச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது. சீருடையைக் கழற்றிவைக்க முடியும், தோலைக் கழற்ற முடியாது. போலீஸைத் தாக்குவதற்கு ஏற்கெனவே தனிப் பிரிவுகளும் இருக்கின்றன. நியூசிலாந்துச் சட்டம் நீடித்து நிற்கும் பொது அடையாளம் என்று ஓர் அளவுகோலைச் சொல்லி, இனம், நிறம், மதம், பாலின அடையாளம், வயது, உடல் குறைபாடு என்று எடுத்துக்காட்டுகளை அடுக்குகிறது. மூடிய பட்டியலைவிட இது நல்லது, கதவு விரியத் திறந்தும் கிடக்கவில்லை.

கடினமாக இருப்பது பாலினம். பெண் என்பதற்காகவே நடக்கும் வன்முறையைவிடப் பரவலான வெறுப்புக் குற்றம் எது? ஆனால் இங்கிலாந்தின் சட்ட ஆணையம் 2021 டிசம்பரில், பாலினத்தை இந்தச் சட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பாலியல் வன்முறை வழக்கில் 'பெண் வெறுப்பு' என்பதையும் தனியே நிரூபிக்கச் சொன்னால், ஏற்கெனவே கடினமான வழக்கு இன்னும் கடினமாகும், நிரூபணமாகாதவை ஏதோ சாதாரணக் குற்றங்கள் போலத் தோன்றிவிடும் என்பது அதன் கவலை. தனிக் குற்றம் என்ற வழிக்கு அந்தக் கவலை முழுக்கப் பொருந்தும், பட்டன் ஜமால் வலி வழக்கில் நடந்ததும் அதுதான். ஜெர்மனி 2023-ல் வேறு விதமாகப் போனது. பாலினத்தைக் குறிவைக்கும் நோக்கங்களை 46-ஆம் பிரிவில், தண்டனை விதிக்கும் கட்டத்தில் மட்டும் சேர்த்தது. அங்கே ஒரு பெண் தனக்கு நடந்த கொடுமையை நிரூபிக்க வெறுப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. வெறுப்பும் நிரூபணமானால் தீர்ப்பு அதையும் சொல்லும், நிரூபணமாகாவிட்டாலும் குற்றவாளி தப்ப மாட்டார்.